தங்கத்தை விட்டுப் பதிவேட்டை எடுத்தவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆனாலும் அதைச் சாக்காக வைத்து ரேஷன் கடைக்கு என்னையே அனுப்புகிறார்.

உன் மின்னஞ்சலில் இரண்டு சேதிகள் இருந்தன. ஒன்று, சுடுமண் படைவீரர்களைப் போய்ப் பார்த்தது. மற்றொன்று, வீடு மாறியதால் மறுபடியும் காவல் நிலையத்துக்கு அலைந்து முகவரியைப் பதிவு செய்தது. "எதற்கெடுத்தாலும் ஒரு படிவம், ஒரு முத்திரை, உங்கள் தாலுகா அலுவலகத்தைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்களா?" என்று கேட்டிருந்தாய். முதல் சேதிக்கு உன் அப்பா மகிழ்ந்தார். இரண்டாவதற்குப் பதில் எழுத வேண்டியது என் பொறுப்பு. வருவாய்த் துறையில் காலம் தள்ளியவள் நான்தானே. நீ சீனாவுக்குப் போனதிலிருந்து அந்த நாட்டு வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் அரசர்களைவிட எழுத்தர்கள்தான் என் மனத்தில் தங்குகிறார்கள்.

நீ பார்த்த வீரர்கள் சின் பேரரசரின் ஆட்கள். ஆறு நாடுகளை விழுங்கி கி.மு. 221-இல் எழுந்த அந்தப் பேரரசு பதினைந்து ஆண்டுகளில் சரிந்துபோனது. அதன் இடத்தில் வந்த ஹான் மரபு, நடுவில் வாங் மாங் என்பவர் அரியணையைப் பறித்த சிறிய இடைவெளியைத் தவிர, கி.பி. 220 வரை நின்றது. நானூறு ஆண்டுகள். அவர்களுடைய முதல் தலைநகரான சாங்கான், நீ இருக்கும் சியான் நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் மண்மேடாகக் கிடக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கிழக்கே சுடுமண் படையைப் பார்க்கப் போய்விடுகின்றன. எழுந்து நிற்கும் சிலைக்கு இருக்கிற கூட்டம் இடிந்த மண்சுவருக்கு வராது.

அந்த ஹான் அரசு எப்படித் தொடங்கியது தெரியுமா? லியு பாங் என்பவர் சின் ஆட்சியில் ஒரு சிறிய காவல் சாவடியின் பொறுப்பாளர். அரசப் பணிக்குக் கைதிகளை அழைத்துப் போகும்போது வழியில் பலர் தப்பிவிட, எப்படியும் தண்டனை நிச்சயம் என்று மீதிப் பேரையும் அவிழ்த்துவிட்டுத் தானும் காட்டுக்குள் மறைந்தவர். அதே வட்டாரத்தின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் சியாவ் ஹ. கலகம் வெடித்தபோது இருவரும் சேர்ந்துகொண்டார்கள். லியு பாங்கின் படை சின் தலைநகருக்குள் நுழைந்த அன்று, தளபதிகள் எல்லாம் பொன்னும் பட்டும் இருந்த கிடங்குகளைத் தேடி ஓடினார்கள். சியாவ் ஹ மட்டும் முதலமைச்சரின் அலுவலகத்துக்குப் போய்ச் சட்டங்கள், வரைபடங்கள், குடிக்கணக்குகள் எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்து நடந்த உள்நாட்டுப் போரில், எந்தக் கணவாய் எங்கே இருக்கிறது, எந்தப் பகுதியில் எத்தனை வீடுகள், எங்கே வளம், எங்கே வறட்சி என்பது லியு பாங்குக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எதிரி சியாங் யு அவரைவிடச் சிறந்த வீரர். அந்த வீரம் கடைசியில் உதவவில்லை.

வென்ற பிறகு யாருக்கு முதல் மரியாதை என்று சண்டை வந்தது. உடம்பெல்லாம் தழும்பு வாங்கிய தளபதிகள், "தூரிகை பிடித்தவனுக்கா முதலிடம்?" என்று கொதித்தார்கள். "வேட்டையில் முயலைத் துரத்திக் கவ்வுவது நாய், எங்கே முயல் என்று காட்டி ஏவுவது மனிதன்" என்ற பொருள்பட லியு பாங் பதில் சொன்னதாக வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியிருக்கிறார். தளபதிகளை நாய் என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. என் பணிக்காலத்தில் எந்த அதிகாரியும் எழுத்தர்களுக்காக இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

நீ அடுத்து போக வேண்டிய வெயாங் அரண்மனை மேட்டைக் கட்டுவித்தவரும் இதே சியாவ் ஹதான். நாடு பசியில் கிடக்கும்போது இவ்வளவு ஆடம்பரமா என்று லியு பாங் சீறினாராம். பெரிதாக இருந்தால்தான் மதிப்பு வரும், பின்னால் வருகிறவர்கள் இதற்குமேல் சேர்க்க முடியாதபடி கட்டிவிட்டேன் என்று இவர் சமாளித்தாராம். கட்டடத்துக்கு நிதி கேட்கும் கோப்புகளில் இந்த வாதம் இன்றைக்கும் வேறு சொற்களில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்தர் ஆவது அப்போது எளிதில்லை. கி.மு. 186-ஆம் ஆண்டைச் சேர்ந்த சட்டத் தொகுப்பு ஒன்று, ஹுபெய் மாகாணத்தில் ஜாங்ஜியாஷான் என்ற இடத்தில் ஒரு கல்லறைக்குள் மூங்கில் பட்டைகளாகக் கிடைத்திருக்கிறது. எழுத்தரின் மகன் பதினேழு வயதில் பயிற்சிக்குச் சேர வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்துத் தேர்வு. ஐயாயிரம் எழுத்துகளுக்குமேல் ஒப்பிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் வேலை. நீ இரண்டு ஆண்டாக அந்த மொழியோடு மல்லுக்கட்டுகிறாயே, உனக்கு அதன் கனம் புரியும். மை காய்ந்த பிறகு தவறு தெரிந்தால் மரத்தைக் கத்தியால் சீவிவிட்டு மறுபடி எழுதுவார்கள். அதனால் இடுப்பில் எப்போதும் ஒரு சிறு கத்தி. சீவிய துகள்களே ஆயிரக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்த எழுத்தர்கள் என்ன எழுதினார்கள்? எல்லாவற்றையும். ஆண்டுதோறும் ஒவ்வொரு கோட்டமும் தன் கணக்கைத் தொகுத்துத் தலைநகருக்கு ஆள் அனுப்பி ஒப்படைக்க வேண்டும்: வீடுகள், ஆட்கள், விளைநிலம், வரவு, செலவு. கி.பி. 2-ஆம் ஆண்டின் தொகை ஹான் வரலாற்று நூலில் அப்படியே இருக்கிறது: 1,22,33,062 குடும்பங்கள், 5,95,94,978 பேர். கடைசி இலக்கம் வரை. கோட்டத் தலைவரின் சம்பளத் தரம் 2,000 ஷி தானியம். ஷி என்பது ஏறத்தாழ இருபது லிட்டர் கொள்ளும் அளவு. அவர்களை மேற்பார்வையிட கி.மு. 106-இல் பேரரசர் வூ நாட்டைப் பதின்மூன்று வட்டாரங்களாகப் பிரித்து ஆய்வாளர்களை அனுப்பினார். அந்த ஆய்வாளர்களின் தரம் வெறும் 600 ஷி. சிறிய சம்பளக்காரர் பெரிய சம்பளக்காரரைச் சோதிக்கும் ஏற்பாடு! இழப்பதற்கு அதிகம் இல்லாதவன், ஏறுவதற்கு நிறையப் படிகள் உள்ளவன், அஞ்சாமல் எழுதுவான் என்ற கணக்கு. எதைச் சோதிக்கலாம் என்பதற்கும் ஆறே தலைப்புகள். அதில் முதலாவது, உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள் அளவுக்குமேல் நிலம் சேர்த்து எளியவர்களை நசுக்குகிறார்களா என்பது. சொந்தக் கோட்டத்தில் தலைமைப் பதவி தருவதில்லை என்ற விதியும் அப்போதே இருந்தது. நிர்வாகம் படித்தவர்கள் யாராவது இதையெல்லாம் நவீன காலத்துக் கண்டுபிடிப்பு என்று சொன்னால் நம்பாதே.

இனி என் மனத்துக்கு நெருக்கமான ஆள் ஒருவரைச் சொல்கிறேன். ஷி ராவ். கி.மு. 10-ஐ ஒட்டி இறந்தவர். கிழக்குக் கடலோரத் தொங்ஹாய் கோட்டத்தில் அலுவலர்களின் பணிப்பதிவைப் பார்த்துக்கொண்ட நடுத்தர அலுவலர். இன்றைய ஜியாங்சு மாகாணத்தின் யின்வானில் 1993-இல் அவர் கல்லறையைத் திறந்தார்கள். பொன் இல்லை. அலுவலகக் காகிதம், அதாவது மரப்பலகைகள். கோட்டத்தின் ஆண்டுத் தொகுப்பு: 38 வட்டங்கள், 2,66,290 குடும்பங்கள், 13,97,343 பேர், 2,203 அலுவலர்கள். ஆயுதக் கிடங்கின் இருப்புப் பட்டியல் தனி. மொத்தம் இரண்டு கோடியே முப்பத்திரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். இன்னொரு பலகையில், வேலைக்கு வராதவர்கள் பட்டியல்: யார் விடுப்பில், யார் பெற்றோர் இறந்து துக்கத்தில், யார் கைதிகளைக் கொண்டுபோகப் போயிருக்கிறார், யார் மீது நடவடிக்கை நிலுவையில். படிக்கும்போது வருகைப் பதிவேட்டை நீட்டிக்கொண்டு யாரோ எதிரில் நிற்பது போலிருந்தது. அவரைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த பெயர்ப் பலகைகளையும்கூடச் சேர்த்துவைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் 33,871 பேர். தொண்ணூறுக்கு மேல் 11,670 பேர். கணக்கு எழுதிப் பழகிய எவரும் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். பதினான்கு லட்சம் பேர் இருந்த கோட்டத்தில், அந்தக் காலத்து மருத்துவத்தில், தொண்ணூறு தாண்டியவர்கள் பதினோராயிரமா? வரலாற்றாய்வாளர்கள் பலருக்கும் இதே சந்தேகம்தான். முதியோர் பெருகினால் நல்லாட்சி என்று பெயர். கோட்டத் தலைவருக்கு மேலிடத்தில் பாராட்டு. முதியோருக்குச் சலுகைகளும் இருந்தன. எழுபது தாண்டியவர்களுக்கு உச்சியில் மரப்புறா செதுக்கிய கைத்தடி கொடுத்தார்கள். புறாவுக்குத் தொண்டை அடைக்காதாம். முதியவர்களும் அப்படித் தடையில்லாமல் உண்ண வேண்டுமாம். அந்தத் தடி பிடித்தவரை அடித்தால் மரண தண்டனை. கன்சு மாகாணத்து வூவெய் கல்லறைகளில் தடியும் கிடைத்தது, தடி பிடித்தவரைத் துன்புறுத்தித் தண்டனை பெற்றவர்களின் பட்டியலும் கிடைத்தது. ஆக, ஏட்டில் முதியவர்கள் பெருகுவதில் மேலே உள்ளவருக்கும் நன்மை, கீழே உள்ளவருக்கும் நன்மை. யார் தட்டிக்கேட்பார்கள்?

ஷி ராவின் கல்லறையில் ஒரு பாட்டும் இருந்தது. இரண்டு காகங்கள் கூடு கட்டுகின்றன. திருட்டுப் பறவை ஒன்று சுள்ளிகளைக் களவாடுகிறது. பெண் காகம் எதிர்த்துச் சண்டையிட்டுச் சாகும் அளவுக்குக் காயப்படுகிறது. தன்னோடு சாக வந்த ஆண் காகத்தை அது தடுக்கிறது: வேறு நல்ல மனைவியைத் தேடிக்கொள், ஆனால் சிற்றன்னை பேச்சைக் கேட்டுத் தாயில்லாப் பிள்ளைகளை வருத்தாதே. நாளெல்லாம் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் இந்தப் பாட்டைத் தன்னோடு எடுத்துப்போக விரும்பியிருக்கிறார், அல்லது அவர் வீட்டார் அப்படி நினைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

எண்ணுவது வெறும் எண்ணுவதாக நிற்காது, பாப்பா. பெயர் ஏறினால் வரி வரும். பதினைந்து வயது முதல் ஐம்பத்தாறு வரை ஆளுக்கு ஆண்டுக்கு 120 காசு தலைவரி. பெண்களுக்கும் உண்டு. விளைச்சலில் முப்பதில் ஒரு பங்கு நிலவரி. அது லேசான வரிதான், அதைச் சொல்லிப் பெருமை பேசுவார்கள். ஆனால் நிலம் இல்லாதவனுக்கு நிலவரி குறைந்தால் என்ன, கூடினால் என்ன? அவனை வாட்டியது தலைவரியும், ஆண்டுக்கு ஒரு மாதம் கூலியில்லாத அரசு வேலையும். பேரரசர் வூ வடக்கே சியோங்நு என்ற நாடோடி இனத்தாரின் குதிரைப்படைகளோடு பல பத்தாண்டுகள் போரிட்டார். கருவூலம் காலியானது. அப்போது குழந்தைகளின் தலைவரியை மூன்று வயதிலிருந்தே வாங்கத் தொடங்கினார்கள். விளைவு என்ன? கி.மு. 44-ஐ ஒட்டி கொங் யு என்ற முதிய அமைச்சர் அரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் சொன்னார்: கட்ட முடியாதவர்கள் பிறந்த குழந்தைகளைக் கொன்றுவிடுகிறார்கள். வரி தொடங்கும் வயது ஏழாக உயர்ந்தது. இடையில் எத்தனை ஆண்டுகள் போயின என்று பார். அந்த ஆண்டுகளின் கணக்கேடுகளிலும் கூட்டல் எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கும்.

உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகம் ஆனதும் அதே போரின் செலவுக்காகத்தான், கி.மு. 117-ஐ ஒட்டி. அதை நடத்தியவர் சாங் ஹோங்யாங், லுவோயாங் நகர வணிகரின் மகன். மனக்கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் பதின்மூன்று வயதிலேயே அரண்மனைப் பணிக்கு எடுக்கப்பட்டவர். அரசர் இறந்த பிறகு கி.மு. 81-இல், நாட்டின் பல பகுதிகளிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட படித்தவர்களை வரவழைத்து, இந்த ஏகபோகம் தேவையா என்று அரசவையிலேயே விவாதம் வைத்தார்கள். அவர்கள் சொன்ன குறை எனக்கு மனப்பாடம்: அரசு வார்ப்படச் சாலைகள் இலக்கை முடிப்பதற்காகப் பெரிய பெரிய கருவிகளாக வார்த்துத் தள்ளுகின்றன, உழவனுக்குத் தேவையானது கிடைப்பதில்லை, அரிவாள் மழுங்கல், புல்கூட அறுபடாது, விலையோ ஏறிவிட்டது, ஏழைகள் மரக்கலப்பையால் உழுது கையால் களை பிடுங்குகிறார்கள். சாங் ஹோங்யாங்கும் சளைக்கவில்லை. எல்லைக் காவலுக்குப் பணம் எங்கிருந்து வரும், நீங்கள் தருவீர்களா என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் உருப்படியான பதில் இல்லை என்பதே என் கருத்து. சாராயத்தின் மீதிருந்த ஏகபோகம் மட்டும் போனது. இரும்பும் உப்பும் அரசிடமே தங்கின. அடுத்த ஆண்டு அவர் சதி வழக்கொன்றில் சிக்கி உயிரிழந்தார்.

மழுங்கிய அரிவாளைச் சொன்னேன் என்று அவர்கள் இரும்பை இளப்பமாக நினைத்துவிடாதே. உலைக்களத்தில் இரும்பை உருக்கி அச்சில் வார்ப்பதை அவர்கள் பெருந்தொழிலாகவே செய்தார்கள். ஐரோப்பா அந்த நிலைக்கு வர இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஆனது. கி.பி. 31-இல் நான்யாங் கோட்டத் தலைவர் டு ஷி, ஆற்று நீரால் சுழலும் சக்கரத்தைத் துருத்தியோடு இணைத்தார். ஆட்கள் ஊத வேண்டிய வேலையை ஆறு செய்தது. விதைப்புக் கருவி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, எதிர்ம எண்களைக் கூட்டிக் கழிக்கும் விதிகள் என்று இன்னும் பல. அந்த விதிகள் இருக்கும் 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற நூலில் தூரம், தானிய விலை, வண்டிக்கூலி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து வட்டங்களுக்கிடையே வரியை நியாயமாகப் பங்கிடுவதற்கென்றே ஒரு முழு அத்தியாயம். கணிதம் படித்த உனக்கு அது வேடிக்கையாக இருக்கும். எனக்கு அது தொழில்.

தாளை மட்டும் சற்று நின்று சொல்கிறேன். சின் பேரரசர் நாளொன்றுக்கு ஒரு ஷி எடையுள்ள ஆவணங்களைப் பார்த்து முடிக்காமல் ஓய்வதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். முன்னே சொன்ன ஷி கொள்ளளவு, இது எடை: ஏறத்தாழ முப்பது கிலோ மூங்கில். பட்டில் எழுதலாம், ஆனால் விலை கட்டாது. அரண்மனைப் பட்டறைகளைப் பார்த்துக்கொண்ட சாய் லுன் என்ற, ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அதிகாரி கி.பி. 105-இல் மரப்பட்டை, சணல் கழிவு, கந்தல் துணி, பழைய மீன்வலை இவற்றைக் கூழாக்கித் தாள் செய்து அரசரிடம் காட்டினார். அவருக்கு முன்பே முரட்டுத் தாள்கள் இருந்தன. கன்சு பகுதியில் பழைய துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவர் செய்தது, குப்பையிலிருந்து எழுதத்தக்க தாளை மலிவாக எடுக்கும் முறையை நிலைநாட்டியது. ஆனால் அவர் வாழ்க்கை அரண்மனைச் சூழ்ச்சியோடு பின்னிக்கிடந்தது. இளமையில் ஓர் அரசிக்காக இன்னொரு பெண்ணின் சாவுக்குக் காரணமான விசாரணையை நடத்தியவர். பின்னாளில் அந்தப் பெண்ணின் பேரன் அரசரானதும் கி.பி. 121-இல் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். குளித்து, நல்ல உடை உடுத்தி, நஞ்சு அருந்தினார். பள்ளிப் பாடநூல்கள் தாளோடு நிறுத்திக்கொள்கின்றன.

இடையில் ஒன்று. நம் ஊர்ப்பக்கம் பற்றியும் ஹான் நூலில் ஒரு குறிப்பு இருக்கக்கூடும். தெற்குத் துறைமுகங்களிலிருந்து பல மாதம் கடலில் போனால் ஹுவாங்ஜி என்ற நாடு; அரசின் ஆட்கள் பொன்னும் பட்டும் கொண்டுபோய் முத்தும் பளிங்கும் வாங்கி வருவார்கள்; கி.பி. 2-இல் அந்த நாட்டிலிருந்து ஒரு காண்டாமிருகம் வந்தது. அது காஞ்சிபுரம் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. பெயர் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு நான் கொடி பிடிக்கப் போவதில்லை.

உனக்கென்றே எடுத்துவைத்த கதை ஒன்று இருக்கிறது. சுன்யு யி என்பவர் தானியக் களஞ்சிய அதிகாரி, பெயர்பெற்ற வைத்தியர். ஐந்தும் பெண்கள். வழக்கொன்றில் உடலுறுப்பை வெட்டும் தண்டனை விதிக்கப்பட்டு அவரைச் சாங்கானுக்கு இழுத்துப் போனார்கள். அழுத மகள்களைப் பார்த்து, "ஆண்பிள்ளை இல்லாத குறை, அவசரத்துக்கு உங்களால் ஒரு பயனும் இல்லை" என்று கடிந்தாராம். கடைக்குட்டி தியிங் பேசவில்லை. அப்பாவின் பின்னாலேயே தலைநகரம் வரை போய் அரசருக்கு விண்ணப்பம் எழுதினாள்: வெட்டிய உறுப்பு மறுபடி ஒட்டாது, திருந்த நினைத்தாலும் வழி இல்லை, என்னை அடிமையாக எடுத்துக்கொண்டு அப்பாவை விடுங்கள். கி.மு. 167-இல் பேரரசர் வென் அதைப் படித்து, மூக்கறுப்பது, கால் வெட்டுவது போன்ற தண்டனைகளையே நீக்கினார். இங்கேயே கதையை முடித்துக் கைதட்டுவார்கள். ஆனால் மூக்கறுப்புக்குப் பதிலாக வந்தது முந்நூறு பிரம்படி. முந்நூறு அடியில் மூக்கு தப்பியது, ஆள் தப்பவில்லை. பெயருக்குத்தான் இலகுவான தண்டனை, உண்மையில் கொலை என்று ஹான் வரலாற்று நூலே குறிப்பிடுகிறது. அடுத்து வந்த பேரரசர் ஜிங் இருநூறாக்கி, பிறகு நூறாக்கினார். விண்ணப்பம் எழுதுவது ஒரு வேலை. எழுதியபின் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொரு வேலை.

அந்த அப்பா விடுதலையாகிப் பின்னர் தன் நோயாளிகள் இருபத்தைந்து பேரின் குறிப்புகளை ஒப்படைத்தார்: பெயர், தொழில், நாடி, என்ன கொடுத்தேன், பிழைத்தாரா செத்தாரா. செத்தவர்களையும் மறைக்கவில்லை. களஞ்சியக் கணக்கு எழுதிய கையல்லவா.

இப்போது, எல்லாவற்றையும்விட நான் சொல்ல விரும்பிய வழக்கு. வடக்கே கோபிப் பாலைவன ஓரத்தில், ஜூயான் என்ற பகுதியில், ஹான் அரசின் காவல் கோபுரங்கள் இருந்தன. படைவீரர்கள் எல்லை நெடுகிலும் ஒரு மணல் பட்டையைச் சமப்படுத்தி வைத்து, நாள்தோறும் நடந்து, அந்நியர் காலடி ஏதாவது பதிந்திருக்கிறதா என்று பார்த்து ஏட்டில் எழுதுவார்கள். அந்த வறண்ட மண்ணில் மரச்சீட்டுகள் மக்காமல் கிடந்தன. 1930-இல் பத்தாயிரம் அளவில் கிடைத்தன; 1970-களில் இன்னும் அதிகம். அவற்றில் முப்பத்தாறு சீட்டுகள் கி.பி. 27-இன் ஒரு சிவில் வழக்கு.

அங்கே காவல் படைப்பிரிவின் தலைவர் சூ. அவருக்குச் சொந்தமாக மீன் வியாபாரம். தெற்கே இன்றைய ஜாங்யே பக்கத்துச் சந்தைக்கு மீன் கொண்டுபோகத் தன் கீழ் வேலை பார்த்த இருவரை ஏவினார். அவர்களால் போக முடியவில்லை. ஆளுக்கு ஒரு மாடும் தானியமும் கொடுத்து நழுவிக்கொண்டார்கள். பிறகு சூ பிடித்த ஆள் கோவ் என், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய வண்டிக்காரர், வயது அறுபத்தாறு. ஒப்பந்தம்: 5,000 மீனை விற்று 4,00,000 காசு கொண்டுவர வேண்டும், கூலியாக ஒரு மாடும் 27 ஷி தானியமும். (காசின் மதிப்பு கலகக் காலத்தில் விழுந்துகிடந்தது, தொகையைப் பார்த்து மலைக்காதே.) மஞ்சள் மாடு கொஞ்சம் மெலிவு, கறுப்பு மாடு சிறியது ஆனால் கொழுப்பு, விலை ஒன்றுதான், எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார் சூ. கோவ் என் கறுப்பை எடுத்துக்கொண்டார்.

மீன் அந்த விலைக்குப் போகவில்லை. கிழவர் கறுப்பு மாட்டையும் விற்றுச் சேர்த்து, சூவின் மனைவியிடம் 3,20,000 கொடுத்தார். குறைவு 80,000. திரும்பும் வழியில் இருபது நாளுக்கு மேல் அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டினார், கூலியில்லாமல். வழியில் அந்த அம்மாவுக்குத் தானியமும் பத்து ஜின் எடை இறைச்சியும் வாங்கிக் கொடுத்தார். வந்து சேர்ந்ததும் வண்டியில் இருந்த கிழவருடைய அச்சும் சாமான்களும் சூ வீட்டில் சிக்கிக்கொண்டன. எடுக்கப் போனால், கடனைக் கட்டு என்று தடுத்துவிட்டார்கள். போதாதென்று சூ வட்ட அலுவலகத்தில் வழக்குப் போட்டார்: கறுப்பு மாடு கூலி இல்லை, நான் இரவலாகக் கொடுத்தது, அதையும் விற்றுவிட்டான்.

வட்ட அலுவலகம் ஊர்ப்பகுதி அலுவலரை விசாரிக்கச் சொன்னது. அவர் கிழவரைக் கூப்பிட்டு முதலில் சட்டத்தைப் படித்துக்காட்டினார்: சொத்து வழக்கில் ஐந்நூறு காசுக்குமேல் பொய் சொல்லி, மூன்று நாளுக்குள் திருத்திச் சொல்லாவிட்டால், அந்தப் பொய்யின் அளவுக்குத் தண்டனை. பிறகு வாக்குமூலம். அதே மாதத்தில் மறுபடியும் கூப்பிட்டு இரண்டாம் வாக்குமூலம். கிழவர் ஒன்றுவிடாமல் சொன்னார். தன் மகன் சூவுக்காக மூன்று மாதம் பத்து நாள் மீன் பிடித்தான், கூலி தரவில்லை, நாளுக்கு இரண்டு டோ வீதம் 20 ஷி தானியம் வர வேண்டும் என்றும் சொன்னார். (பத்து ஷெங் ஒரு டோ, பத்து டோ ஒரு ஷி.) அலுவலர் கணக்குப் போட்டார். சூ பிடித்துவைத்த சாமான்களும் வழிச்செலவும் 24,600 காசு. மகனின் கூலியில் 13 ஷி 8 டோ 5 ஷெங், ஷிக்கு 4,000 வீதம், 55,400 காசு. கூட்டினால் 80,000. கடன் தீர்ந்தது. மகனுக்கு இன்னும் 6 ஷி 1 டோ 5 ஷெங் சூதான் தர வேண்டும்! மாடு இரவல் இல்லை, கூலி.

எல்லைப்படைத் தலைவர் ஒருபக்கம், வெளியூர் வண்டிக்காரர் மறுபக்கம். வட்ட அலுவலகம் சூவின் அலுவலகத்துக்கே எழுதியது: அரச பணியில் நேர்மை தவறியவர்களுக்கான சட்டப்படி நடவடிக்கை எடுத்து உடனே தெரிவிக்கவும். முப்பத்தாறு சீட்டுகளும் அத்தோடு முடிகின்றன. அந்த ஊர்ப்பகுதி அலுவலர், நம் கணக்கில் ஒரு வருவாய் ஆய்வாளர் என்று வைத்துக்கொள், பெரிய ஆளுக்குப் பயந்து "மனுதாரர் கூற்று ஏற்கத்தக்கது" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். எத்தனை கோப்புகளில் அந்த ஒற்றை வரியைப் பார்த்திருக்கிறேன்! அவர் ஷெங் கணக்கு வரை இறங்கிப் போனார். அதே பதிவேட்டு முறைதான் இல்லாத கிழவர்களை எழுதியது, மூன்று வயதுக் குழந்தைக்கு வரி போட்டது. இங்கே ஒரு கிழவரைக் காப்பாற்றியதும் அதுதான்.

சியானிலிருந்து லான்சோவுக்கு அதிவேக ரயில் இருக்கிறதாமே. அங்கே மரச்சீட்டுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் போய்விட்டு வா. கோவ் என் வழக்கின் சீட்டுகள் காட்சியில் இருந்தால், வரிசையாகப் படம் எடு. கூட்டல் வரும் சீட்டை மட்டும் கிட்டத்தில் எடு. உன் அலுவலகத் தோழியிடம் கொடுத்து எண்களை வாசிக்கச் சொல்லி எனக்கு எழுது. நான் நூலில் படித்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சியாவ் ஹ, தாள், அரசர்கள் எதற்கும் அசையவில்லை. ஐயாயிரம் மீனை அத்தனை தூரம் கெட்டுப்போகாமல் எப்படிக் கொண்டுபோனார்கள், குளிரில் உறையவைத்தா, உப்புப் போட்டுக் கருவாடாகவா என்று மட்டும் கேட்கிறார். உப்பு அரசின் ஏகபோகமாயிற்றே, விலை கட்டியிருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. நீயே விசாரித்து அவருக்குத் தனியாக எழுதிவிடு.